துருவேறிய குழலுக்கு எந்தப் பூச்சு?

(ஓசூரில் உலோகப் பூச்சுப் பட்டறையினரும் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் இரும்பைப் பற்றிப் பேச வருகிறவர் சற்றுப் பணிவோடுதான் மேடை ஏற வேண்டும். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நான்காயிரம் ஆண்டுக்கு மேலாக இரும்போடு பழகிய மண் இது. அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் 1980-இல் இங்கே வந்த பிறகு, அந்தப் பழக்கம் வேறு உருவம் எடுத்தது. பவுடர் கோட்டிங், ஜிங்க் பிளேட்டிங், பாஸ்பேட்டிங், பிளாக்கனிங், ஹார்டு குரோம் என்று இரும்பின் மேல் போடக்கூடிய சட்டை எதுவானாலும் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி அதைத் தைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். இந்த வசதிதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். வசதி பக்கத்திலேயே இருப்பதால் துருவேறிய துப்பாக்கிக் குழலையும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறோம்.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் காட்டை ஒட்டிய கிராமங்களில் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கிய பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிகள் உண்டு. பல வீடுகளில் அது தாத்தா காலத்து ரெட்டைக்குழல். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிவுக்கு வரத் தொடங்கியது. அதன் பிறகு பெரும்பாலும் துணி உறைக்குள், பீரோவுக்குள் கிடந்த கருவிகள் இவை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயிலுக்கும் பின்னிரவுக் குளிருக்கும் இடையே இறங்கும் வெப்பம் அந்தக் குழலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை விட்டுப் போகும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். மழை நேரடியாகப் படத் தேவையில்லை. பல ஆண்டு கழித்து உறையை உருவிப் பார்த்தால் குழல் செம்மண் நிறத்தில் நிற்கும். வீட்டுப் பிள்ளை சிப்காட்டில் வேலை பார்க்கிறான். "எங்க கம்பெனிக்குப் பக்கத்துலயே பிளாக்கனிங் டேங்க் இருக்குப்பா, அரை மணி நேர வேலை" என்கிறான். அங்கேதான் கெடுதல் ஆரம்பிக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாவது பிரிவில், துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. கழற்றிய குழலும் ஆயுதத்தின் பாகம்தான். 'வெறும் பைப்புதானே' என்று வாங்கி வைத்துக்கொள்ள பூச்சுப் பட்டறைக்கு அனுமதி கிடையாது. பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற ஆயுதக் கடை வழியாகத்தான் இந்த வேலை நடக்க வேண்டும். ஆறாவது பிரிவு குழலைக் குட்டையாக்குவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வாய்ப்பக்கம் அரித்துப்போயிருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிடலாம் என்று உங்கள் இஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது. எட்டாவது பிரிவு துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டறைக்காரர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். துருவை எடுக்கிறேன் என்று குழலைப் பஃபிங் சக்கரத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் எண்ணும் சோதனை முத்திரையும் மங்கிப்போகும். உள்நோக்கம் எதுவும் இல்லாமலே உரிமதாரரைக் காவல் நிலையப் படியேற வைத்துவிடுவீர்கள். எண் இருக்கும் இடத்தில் சக்கரம் போகக் கூடாது. கையும் எண்ணெயும் மட்டுமே போக வேண்டும்.

இனி இரும்புக்கு வருவோம்.

துரு என்பது இரும்பு தன்னோடு ஆக்சிஜனையும் நீரையும் சேர்த்துக்கொண்டு பல மடங்கு பருத்துப்போன நிலை. அது இறுக்கமாக ஒட்டாது. செதிலாக நிற்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், தனக்குக் கீழே இருக்கும் நல்ல இரும்பைத் தின்னும். ஆனால் எல்லா ஆக்சைடும் அப்படியில்லை. மேக்னடைட் எனப்படும் கருப்பு ஆக்சைடு இரும்போடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கிக் குழலின் அந்த நீலக்கருப்பு நிறம் சாயமோ பெயின்ட்டோ கிடையாது. இரும்பின் மேல்தோலையே மேக்னடைட்டாக மாற்றியதால் வந்த நிறம் அது. அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான். மயிரிழையில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராத அந்தப் படலம் தனியாக நின்று துருவைத் தடுக்காது. அதில் நுண்துளைகள் உண்டு. அந்தத் துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. எண்ணெய் போட மாட்டேன், கருப்பு மட்டும் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர் பாதுகாப்பைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கிறார்.

பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் குழலில் எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான். பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். தோட்டா அமரும் பின்பக்கத்தில் சுவர் நல்ல தடிமனாக இருக்கும். நடுவிலிருந்து முன்னே போகப் போக மெலிந்து, பல குழல்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடும். இக்காலத் தோட்டா வெடிக்கும்போது பின்பக்கத்தில் ஏறும் அழுத்தம் 700 பார் வரை போகலாம். நீங்கள் ஓட்டிவந்த பைக்கின் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். முன்னே போகப் போக அழுத்தம் குறையும்; அதை நம்பித்தான் குழலை மெலிதாகச் செய்தார்கள். அந்த மெலிந்த இடத்தில் துரு 0.2 மில்லிமீட்டர் குழி பறித்திருந்தால், அந்தக் குழி மறையும் வரை சுற்றிலும் எமரி போட்டுத் தேய்ப்பவர் சுவர் முழுவதையும் 0.2 மில்லிமீட்டர் குறைக்கிறார். பளபளப்பு வரும், பலம் போகும். அதற்கு மேல் எந்தப் பூச்சு போட்டாலும் அது பலவீனத்தை மறைக்கும் திரைதான்.

அல்ட்ராசோனிக் தடிமன் மானி ஓசூருக்குப் புதிதில்லை. ஆலைகளில் குழாய்ச் சுவரை அளக்க அன்றாடம் எடுக்கும் கருவி. வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் பல இடங்களில் அளந்து கழித்துப் பார்க்கும் பழைய முறையும் ஆயுதக் கடைக்காரர்களுக்குத் தெரியும். உள்துளையை விளக்கின் பக்கம் பிடித்துப் பார்க்கட்டும். வெளியே துரு தெரியும் குழலுக்கு உள்ளேயும் குழி இருக்க வாய்ப்பு அதிகம். உள்குழியும் வெளிக்குழியும் ஒரே இடத்தில் எதிரெதிராக அமைந்துவிட்டால் அந்தக் குழலின் ஆயுள் முடிந்தது. சுவரில் மாட்டிப் பார்க்கலாம், சுடக் கூடாது. குழி ஆழமில்லை, சுவர் போதுமான அளவு இருக்கிறது என்றால் ஒரு சில குழித்தடங்களை அப்படியே விட்டுவிட்டுப் பூச்சு போடுங்கள். வடு தெரிந்தால் தெரியட்டும்.

துருவை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். பட்டறையில் எல்லாவற்றுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிக்ளிங் போடும் பழக்கம் உண்டு. குழலுக்கு அது வேண்டாம். அமிலம் துருவைத் தின்றுவிட்டு நல்ல இரும்பையும் தின்னும். மூட்டு இடுக்குகளில் புகுந்து கழுவினாலும் வெளியே வராது. எண்ணெயை ஊறவைத்து, மெல்லிய எஃகுப் பஞ்சால் பொறுமையாகத் தேய்ப்பது போதும். வாஷிங் சோடாக் கரைசலில் மின்சாரம் விட்டுத் துருவெடுக்கும் முறையும் உண்டு. அதைச் செய்பவர்கள் எதிர்முனையாகச் சாதாரண இரும்புத் தகட்டை வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைத்தால் அதிலுள்ள குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவத்தில் கரைந்து இறங்கும். குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டை நமக்குக் காட்டியிருக்கிறது. மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு இன்னும் அந்த ஊரின் தலைவலி.

இப்போது ரெட்டைக்குழல். இன்றைய பேச்சின் நடுத்தூண் இதுதான்.

இரண்டு குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலும் கீழும் ரிப் என்ற நீளப் பட்டையை வைத்து, ஈயப்பற்று போட்டு இணைத்திருப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். இரண்டு குழலுக்கும் பட்டைக்கும் நடுவே நீளமான வெற்றிடம் ஒன்று உண்டு; வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இந்த இரண்டு செய்தியையும் மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிளாக்கனிங் தொட்டியில் இருப்பது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட், நைட்ரைட் உப்புகளும். 140 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். போல்ட்டுக்கும் கியருக்கும் அருமையான வேலை. ஒற்றைக்குழலுக்கும், அதில் ஈயப்பற்று எங்குமே இல்லை என்று உறுதியானால், தாராளமாகச் செய்யலாம். ரெட்டைக்குழலை அதில் இறக்கினால் 140 டிகிரியில் பற்று உருகாது. ஆனால் காஸ்டிக் வெள்ளீயத்தையும் ஈயத்தையும் கரைக்கும். பற்றில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் உப்புக்கரைசல் அந்த வெற்றிடத்துக்குள் புகும். வெளியே கழுவி, எண்ணெய் போட்டு, கருகருவென்று மின்னும் குழலை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சில மாதத்தில் பட்டை ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பிறகு பட்டை எழும்பும். உள்ளே, குழல்கள் ஒன்றையொன்று தொடும் மறைவில், யார் கண்ணுக்கும் படாமல் இரும்பு அரித்துக்கொண்டே இருக்கும். வெள்ளிப் பற்று வைத்த புதுக்காலத் துப்பாக்கிகள் இதைத் தாங்கும். எந்தப் பற்று என்று நிச்சயமாகத் தெரியாதபோது ஈயப்பற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பவுடர் கோட்டிங்கை அடுப்பில் 180 முதல் 200 டிகிரியில் வேகவைக்கிறோம். கணக்கு உங்களுக்கே புரியும்: பற்று இளகும் வெப்பம் அது. குழல்கள் இணைந்திருக்கும் கோணமே மாறிவிடலாம். 60, 80 மைக்ரான் தடிமனுள்ள அந்தத் தோல் முத்திரையையும் எண்ணையும் மூடும், குழலும் அடிப்பாகமும் பொருந்தும் இடத்தை இறுக்கும். ஜன்னல் கிரில்லுக்கு நல்லது; துப்பாக்கிக் குழலுக்கு ஆகாது.

ஜிங்க் பிளேட்டிங் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும் குணமுள்ளது. நம் வண்டிப் பாகங்களை அதுதான் காக்கிறது. ஆனால் முலாம் ஏற்றும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, கடினமான எஃகை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். அதை வெளியேற்ற 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடேற்ற வேண்டும். மறுபடியும் ஈயப்பற்றில் வந்து நிற்கிறோம். செராமிக் வகைத் தெளிப்புப் பூச்சுகள் 120 டிகிரி வாக்கில் இறுகுபவை. ரெட்டைக்குழல் அதைத் தாங்கும். கடலோரத்துக்கு அவை சிறந்தவை. பழைய துப்பாக்கியின் முகத்தை முற்றிலும் மாற்றிவிடும் என்பது என் மனக்குறை. மாற்றினால் பரவாயில்லை என்பவர் செய்துகொள்ளலாம். கடையில் சின்னப் புட்டியில் கிடைக்கும் குளிர்நிலைக் கருப்பு, செம்பும் செலினியமும் கலந்த கரைசல். கீறல் மறைக்க மட்டும் ஆகும், கை பட்டுத் தேயும், செலினியம் நஞ்சு.

பாஸ்பேட்டிங்கைப் பற்றி ஆசையோடு சொல்ல ஒன்று உண்டு. டெல்லி மெஹ்ரோலியில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண் ஏன் 1600 ஆண்டுகளாகத் துருவால் அழியவில்லை என்பதைக் கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் படலம் ஒன்று தானாக உருவாகிக் காத்திருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். அதே பாஸ்பேட் காப்பைத் தொட்டியில் வரவழைக்க இங்கிலாந்தின் தாமஸ் காஸ்லெட் 1906-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் பார்க்கர் நிறுவனம் 1915-இல் அதைத் தொழிலாக்கியது. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளின் சாம்பல் நிறம் அதுதான். இன்று ஓசூரில் கியருக்கும் கேம்ஷாஃப்டுக்கும் போடும் மாங்கனீஸ் பாஸ்பேட்டும் அதே இனம். 95 டிகிரிக்குள் முடியும் வேலை. சொரசொரப்பாக இருப்பதால் கருப்பு ஆக்சைடைவிட எண்ணெயை அதிகம் குடித்து வைத்துக்கொள்ளும். ஒற்றைக்குழல், வயலுக்கு எடுத்துப்போகும் கருவி, அழகு முக்கியமில்லை என்றால் என் தேர்வு இதுதான். குழலின் உள்துளையையும் தோட்டா அறையையும் அடைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ரெட்டைக்குழலுக்கு இதையும் சொல்ல மாட்டேன். தொட்டியில் இருப்பது அமிலக் கரைசல். பட்டைக்குள் புகுந்தால் காஸ்டிக் செய்யும் வேலையை அது வேறு வழியில் செய்யும்.

ரெட்டைக்குழலுக்கு மிஞ்சுவது பழைய முறை. துருவைக் கொண்டே துருவைத் தடுப்பது. குழலை எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இல்லாமல் துடைத்து, அதன் பிறகு வெறும் கை படாமல், துருவேற்றும் கரைசலைத் துணியில் பிழிந்து மிக மெல்லிசாகத் தடவ வேண்டும். ஈரக்காற்று உள்ள பெட்டியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் சீரான செந்துரு படரும். அதைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் மூழ்கவைக்கிறார்கள். செந்துரு கண்ணெதிரே கருப்பாக மாறும். செதிலாக நின்ற ஆக்சைடு மேக்னடைட்டாகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. மேலே நிற்கும் கருந்தூளை மெல்லிய கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும், மறுபடி துருவேற்ற வேண்டும், மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். ஆறு ஏழு சுற்று, சில எஃகுக்குப் பத்துச் சுற்றுகூட ஆகும். நாட்கணக்கில் நீளும் வேலை. கொதிநீருக்கு மேல் வெப்பம் போகாது; ஓசூர் உயரத்தில் நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அது இந்த வேலைக்குப் போதும். ஈயப்பற்றுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பட்டையின் உள்ளே நீர் புகுந்தாலும் அது வெறும் நீர். சூடான குழலில் உலர்ந்துவிடும்.

தண்ணீரில் கவனம் வேண்டும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. அதில் கொதிக்கவைத்தால் புள்ளி புள்ளியாக வெளிறும். வடிநீரோ சுத்தமாகப் பிடித்த மழைநீரோ வேண்டும். பழைய கைமருந்துகளில் பாதரச உப்பு சேர்ப்பதுண்டு. அதை யார் சொன்னாலும் தொடாதீர்கள். பாதரசம் இல்லாத கரைசல்களே நன்றாக வேலை செய்கின்றன. கடைசிச் சுற்று முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, காயவைத்து, சூடு இருக்கும்போதே எண்ணெயில் ஊறவிட வேண்டும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல் யாரிடமாவது இருந்தால் அதற்கும் இந்த வழிதான் உண்டு. ஆனால் அது இக்காலத் தோட்டாவுக்கு உரிய குழல் இல்லை, அழகுக்கு மட்டும்.

எந்தப் பூச்சும் உள்துளைக்குப் பொறுப்பேற்காது. கரிமருந்து பயன்படுத்திய குழலில் மிஞ்சும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய். எல்லைக்கு அப்பால் குடகில் கொடவர்கள் செப்டம்பர் மாதம் கைல் போல்து திருநாளில் துப்பாக்கியைத் துடைத்துப் பூவைத்து வணங்குகிறார்கள். தென்மேற்குப் பருவமழை ஊறித் தணியும் மாதம் அது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழலும் கட்டாயமாக உறையை விட்டு வெளியே வருகிறது. நம் ஆயுதபூசையும் மழைக்காலத்தை ஒட்டித்தான் வருகிறது. அன்று பொட்டு வைப்பதோடு நிறுத்தாமல் உறையை உருவி, உள்ளும் புறமும் பாருங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைத்த இடத்திலேயே அவை வாரக்கணக்கில் இருக்கும். கொடுப்பதற்கு முதல் நாள் கெட்டியான எண்ணெயோ கிரீஸோ பூசிக் கொடுங்கள். துணி உறையிலும் தோல் உறையிலும் சேமித்து வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பூச்சுப் பட்டறை நண்பர்களுக்கு: உரிமக் கடை வழியாக ரெட்டைக்குழல் உங்களிடம் வந்தாலும், காஸ்டிக் தொட்டியில் இறக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் கையில் இருக்கும் தடிமன் மானியை அந்தக் கடைக்காரருக்குக் கொடுத்து உதவுங்கள். அவருக்கு அதுதான் இல்லாமல் இருக்கிறது. உரிமக் கடைக்காரர்களுக்கு: துருவேற்றிக் கொதிக்கவைக்கும் இந்த வேலையைச் செய்யத் தெரிந்த பெரியவர்கள் உங்களிடம் இன்னும் இருக்கிறார்கள். சட்டப்படி உங்கள் கடையிலேயே ஓர் இளைஞரை அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. கரைசல், நீர், எஃகு பற்றிய சந்தேகங்களை அங்கே எழுதிக் கேளுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு: நாளைக் காலை குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். குழி தெரிந்தால், உரிமக் கடைக்காரர் சுவரை அளந்து சரி என்று சொல்லும்வரை அதில் ஒரு தோட்டாவும் ஏறக் கூடாது.